தீபத்துக்கு வரி பிடித்த அக்கவுண்டன்ட்

சம்பளத்தில் வரியைத் தப்பாகப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு, பேங்கில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லோரும் என் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். காபி குடித்தீர்கள். முறுக்கும் தீர்ந்தது. பதில் வாங்காமலேயே பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிட்டீர்கள். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எழுத்து நன்றாக இருந்தால் அது என்னுடையது. தப்பு இருந்தால் அவள் காலேஜில் படித்தது.

வரிச் சட்டம் எனக்குத் தெரியாது. நான் பார்த்தது பியூன் வேலை. தண்ணீர் பிடித்து வைப்பது, பேரேடு சுமப்பது, தபால் கொண்டுபோவது, மேனேஜர் மணி அடித்தால் காது கேட்காத மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவது. எந்த ஃபாரத்தில் எதை நிரப்புவது என்பதை உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். வரியைத் தப்பாகப் பிடித்த மனுஷனை என்ன செய்வது என்று அது சொல்லாது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. திருவண்ணாமலை அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. பெரிய ஆபீஸ் எது என்றாலும் வேலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். இன்று கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் பக்கமெல்லாம் அப்போது மல்லாட்டைக் கொல்லை, நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கல் நட்டு மனை விற்க ஆரம்பித்திருந்தார்கள்.

வெளியூரில் இருந்து வந்திருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்ற ஊரில் தீபாவளிக்குச் செலவு வரும். எங்கள் ஊரில் தீபாவளி வெறும் ஒத்திகை. கார்த்திகை தீபம்தான் குடும்பத்தைக் கவிழ்க்கும். மலையில் தீபம் ஏற்றப்போகிறார்கள் என்றதும், கடுதாசி போட்டே பல வருஷம் ஆன சித்தப்பா பெட்டியும் பேரனுமாக வந்து இறங்குவார். அவரோடு அவருடைய சம்பந்தி வருவார். சம்பந்தியோடு யார் வந்தார்கள் என்பது சாப்பிட உட்காரும்போதுதான் தெரியும். வா என்று சொல்லவும் வேண்டாம், போ என்று சொல்லவும் முடியாது.

பேங்கில் வருஷத்துக்கு ஒரு பண்டிகைக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கடனாகத் தருவார்கள். வட்டி கிடையாது. அதற்குப் பிறகு மாதா மாதம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கென்று சம்பளப் பேரேட்டில் அச்சடித்த கட்டங்கள் உண்டு. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, ரம்ஜானுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. தீபத்துக்குக் கட்டம் இல்லை. மெட்ராஸில் உட்கார்ந்து பேரேடு அச்சடிக்கிறவருக்கு எங்கள் சித்தப்பாவைத் தெரியுமா? அதனால் எங்கள் கிளையில் தீபக் கடனை மட்டும் ‘இதரப் படிகள்’ என்ற கட்டத்தில் எழுதி வந்தார்கள். அது கடன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. உங்கள் ஆபீஸிலும் அப்படிச் சில கட்டங்கள் இருக்கும், போய்ப் பாருங்கள்.

அந்த வருஷம் தை மாதம் திருநெல்வேலியிலிருந்து புது அக்கவுண்டன்ட் மாற்றலாகி வந்தார். பேர் வேண்டாம். குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கமாக ஒரு ரூம் எடுத்துத் தங்கினார். பக்கத்து ரூமில் ஒரு வெள்ளைக்காரன் விடியும் முன்பே ‘ம்ம்ம்’ என்று ஆரம்பித்துவிடுவானாம். அதனால் அக்கவுண்டன்ட் எப்போதும் தூக்கக் கண்ணோடுதான் வருவார். ஆனால் வேலையில் கெட்டி. காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில். நாம் வணக்கம் சொன்னால்கூட ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிச் சொல்வார்.

மார்ச் சம்பளத்தில் வருஷம் முழுவதற்கும் வரியைக் கணக்குப் போட்டு, பாக்கி இருப்பதைப் பிடிக்க வேண்டும். அவரே உட்கார்ந்து எல்லோருக்கும் போட்டார். சம்பளத்தன்று சாயங்காலம் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் ஹெட் கேஷியர் ஏழுமலை கேஷ் கூண்டிலிருந்தே என்னைப் பார்த்துக் கத்தினான்.

“யக்கா! இன்னாக்கா இது? மாசம் பூரா ஊரான் பணத்த எண்ணினேன். என் பணத்த எவன் எண்ணினான்?”

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போல வரியாகவே போயிருந்தது. பக்கத்து சீட் காதர் பாஷா எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே சம்பளம்.

“எனக்கு சரியாத்தான் வந்திருக்கு ஏழுமல” என்றார் பாஷா.

“உனக்கு வரியே புடிக்கலயா?”

“புடிச்சிருக்காங்க. கம்மியா.”

“அதெப்பிடி உனக்கு கம்மி, எனக்கு ஜாஸ்தி?”

“நான் முப்பது நோம்பும் வச்சேன். நீ ஒரு சோமவாரம்கூட பட்டினி இருக்கல. மேல பாத்துட்டுதான இருக்காங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. பின்னால் இருந்து யாரோ, “பாஷா அக்கவுண்டன்ட்டுக்கு பிரியாணி குடுத்திருப்பாரு” என்றார்கள். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. பாஷா முகம் சுருங்கிவிட்டது.

“பிரியாணியா?” என்றேன் நான். “இங்க நான் பூண்டு ஊறுகா டப்பாவத் தொறந்தா அங்க ஜன்னலத் தொறக்கறாரு அந்த மனுஷன். அவருக்குப் போயி பிரியாணியா?”

ஆனால் பாஷா எழுந்துவிட்டார். தன் சீட்டையும் எடுத்துக்கொண்டார். “வா ஏழுமல. ரெண்டையும் பக்கத்துல வச்சு கேட்டுடுவோம். இத வச்சிக்கிட்டு என்னால டீ குடிக்க முடியாது.”

இங்கே ஒரு நிமிஷம் நிற்கிறேன். உங்களில் யாருக்காவது பாஷா நிலைமை வந்தால், அதாவது எல்லோருக்கும் தப்பாகி உங்களுக்கு மட்டும் சரியாக வந்திருந்தால், சத்தம் போடாமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகத்தான் தோன்றும். அவர் போகவில்லை. அன்று அவர் போயிருந்தால் அந்தப் பிரியாணி வருஷக்கணக்கில் எங்கள் ஆபீஸில் வெந்துகொண்டே இருந்திருக்கும்.

அக்கவுண்டன்ட் இரண்டு சீட்டையும் வாங்கி வைத்துப் பென்சிலை ஓட்டினார். உடனே முகம் மலர்ந்தது.

“சரியாத்தான போட்டிருக்கேன். ஏழுமலைக்கு தீபம் போனஸ் வந்திருக்கு. பாஷாவுக்கு வரல. வருமானம் கூடுனா வரியும் கூடும்லா?”

“இன்னா போனஸ் சார்?”

“தீபம் போனஸ். ஊர்த் திருவிழாவுக்கு உங்க கிளையில குடுத்திருக்காங்கல்லா. இதரப் படியில எழுதியிருக்கே.”

ஏழுமலை பாஷாவைப் பார்த்தான். பாஷாதான் முதலில் வாயைத் திறந்தார். “சார், அது கடன் சார்.”

“கடனா?”

“மாசாமாசம் சம்பளத்துல புடிக்கறீங்களே சார்!”

“அது ஏதோ சொசைட்டிக் கடன்னுலா நெனச்சேன்.”

“சரியாப் போச்சி” என்றார் பாஷா. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். “ஏழுமல, கடன் வாங்கினதுக்கு வரி கட்டின ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான். மால போட்டு படம் புடிக்கணும் உன்ன.”

ஏழுமலை ஒருவன் மட்டும் இல்லை. தீபத்துக்குக் கடன் வாங்கிய எல்லோருக்கும் இதே கதி. பாஷா வாங்கியது ரம்ஜான் கடன், அதற்குக் கட்டம் இருந்ததால் தப்பித்தார். அக்கவுண்டன்ட் காதிலிருந்த பென்சிலையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டார். “நாந்தான் தப்பாப் போட்டுட்டேன்” என்றார் மெதுவாக. மறைக்கவில்லை. அதுவரைக்கும் நல்ல மனுஷன்தான்.

“சரி சார், பணத்தக் குடுத்துடுங்க” என்றான் ஏழுமலை.

“மத்தியானமே அரசாங்கக் கணக்குல கட்டிட்டேனே.”

எந்த ஆபீஸிலும் பிடித்த வரியைக் கடைசி நாள் வரைக்கும் கையிலேயே வைத்திருப்பார்கள். இவர் ஒழுங்கான ஆள். அதுதான் வினையாகிவிட்டது.

ஏழுமலை ஏன் அப்படித் துடித்தான் என்று சொல்லிவிடுகிறேன். வேங்கிக்காலில் ஒரு மனை பேசியிருந்தான். விற்கிறவர் மல்லாட்டை மண்டிக்காரர். கடைசித் தவணையை மார்ச் சம்பளத்தில் கட்டி, பங்குனி முடிவதற்குள் பத்திரம் பதிய வேண்டும். தவறினால் மனை வேறு ஆளுக்கு. ஒரு கான்ட்ராக்டர் பணத்தோடு காத்திருந்தார். ஏழுமலை சும்மா இருந்தாலும் அவன் பெண்டாட்டி செல்வி சும்மா இருக்கவில்லை. குடியிருந்த வீட்டுக்காரர் மாட்டைக் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டதால், பத்திரம் ஆவதற்கு முன்பே அந்த மனையில் ஒரு கொட்டகை போட்டு மாட்டைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். அந்தப் பாலை விற்றுத்தான் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ். மனை போனால் மாடும் போகும்.

அந்த வாரம் முழுவதும் ஆபீஸில் யோசனைக்குப் பஞ்சமில்லை. மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு, “பேங்க் பணத்தையே சஸ்பென்ஸ் கணக்குல, தற்காலிகச் செலவா எழுதி இப்பக் குடுத்துட்டா இன்னாங்க? ரீஃபண்ட் வந்ததும் நேர் பண்ணிடலாம்” என்றார்.

அக்கவுண்டன்ட் ஒப்புக்கொள்ளவில்லை. “ஒரு தப்ப மூட இன்னொரு தப்பு பண்ணச் சொல்லுதீங்களே சார். அவங்கவங்க வரி ஆபீஸ்ல மனு போட்டு வாங்கிக்கிடட்டும்.”

“நீங்க வரி பிடிச்ச சான்றிதழத் திருத்திக் குடுக்காம அவங்க எப்பிடி சார் குடுப்பாங்க?” என்று கேட்டார் பாஷா.

“பாப்போம். நாளைக்குப் பாப்போம்.”

நாளைக்கு, நாளைக்கு என்று நாள் போனது. காரணம் எனக்குத் தெரியும், தபால் என் கையில்தானே போகிறது, வருகிறது. திருத்திய சான்றிதழ் கொடுத்தால் ஒரு காப்பி மெட்ராஸ் தலைமை ஆபீஸுக்குப் போக வேண்டும். அங்கே மேனேஜர் பதவிக்கு இன்டர்வியூ. இவர் பேர் பட்டியலில் இருந்தது. இந்த நேரத்தில் ‘நான் வருமானத்துக்கும் கடனுக்கும் வித்தியாசம் தெரியாமல் வரி பிடித்தேன்’ என்று தானே கையெழுத்துப் போட்டு அனுப்ப யாருக்குத்தான் கை வரும்?

ஏழுமலை தினமும் கத்தினான். கத்தினால் அக்கவுண்டன்ட் காது சிவக்கும், பேனா நகராது. மேனேஜர் சட்டம் சொன்னார். சட்டம் அவருக்கே தெரியும். நான் பார்த்தேன். இந்த ஆளுக்குத் தப்பு தெரிகிறது. தப்பு எங்கே போய் விழுந்தது என்றுதான் தெரியவில்லை. பேரேட்டுக்குள் விழுந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

குடும்பத்தை அழைத்துவர ஒரு வீடு பார்க்கச் சொல்லி அவர் என்னிடம் முன்பே கேட்டிருந்தார். சனிக்கிழமை பேங்க் அரை நாள். “சார், வேங்கிக்கால் பக்கம் ஒரு எடம் இருக்குது, வந்து பாக்கறீங்களா?” என்றேன். இடம் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

வேலூர் ரோட்டில் டவுன் பஸ்ஸில் இறங்கி, கொல்லை வழியாக நடந்து போனோம். செல்வி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் பேங்குக்கு வந்தவள் இல்லை, இவரைப் பார்த்ததும் இல்லை.

“செல்வி, இவரு திருநெல்வேலிக்காரரு. வாடகைக்கு வீடு தேடறாரு” என்றேன். இதிலும் பொய் இல்லை.

“வீடா? எங்க வீடே இன்னும் ஆகாசத்துல நிக்குது, இவருக்கு எங்க காட்றது? வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்கண்ணா” என்று ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கவுண்டன்ட் கல்லில் உட்கார்ந்து மோரை வாயில் வைத்தார். அவள் ஆரம்பித்தாள்.

“எங்கூட்டுக்காரு பேங்க்ல ஒரு அக்கவுண்டன்ட் வந்திருக்காராம். எந்த ஊருனு தெரியல. கடன் வாங்கினா அதுக்கு வரி போடுவானாம். கேட்டீங்களாண்ணா இந்த அநியாயத்த?”

அண்ணனுக்குப் புரை ஏறியது. நான் முதுகில் தட்டினேன்.

“மெதுவாக் குடிங்கண்ணா. அந்தாளுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதோ இன்னாமோ. இருந்தா அந்தம்மா பாவம். கொழம்புல உப்பு எவ்ளோ போட்ட, புளி எவ்ளோ கரைச்சனு கேட்டுக் கேட்டே உயிர எடுத்திருப்பான். அவன் எண்ற காசெல்லாம் ஒன்னு கம்மியாவே வரணும். அவன் படுக்கற பாயில மூட்டப்பூச்சி மேயணும்!”

அக்கவுண்டன்ட் கை தானாகத் தோளுக்குப் போய்ச் சொறிந்தது. செங்கம் ரோட்டு ரூமில் மூட்டைப்பூச்சி இருந்தது நிஜம். நான் மாட்டைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். மாடு என்னைப் பார்த்தது. சிரிக்காமல் நிற்க நான் பட்ட கஷ்டம் அதற்குத்தான் தெரியும்.

மோர் பாதியில் நின்றது. அவர் கேட்டார்: “மனை கைவிட்டுப் போச்சுன்னா மாட்ட என்ன செய்வீங்க?”

செல்வி கோபத்தை எல்லாம் அதற்கு முன்பே செலவழித்துவிட்டாள். இதற்குச் சத்தமில்லாமல்தான் பதில் வந்தது. “விக்கணும்ணா. வேற இன்னா பண்றது? சின்னவன்தான் அழுவான். கன்னுக்குட்டிக்கு அவன்தான் பேரு வச்சான்.”

கொல்லை வழியாகத் திரும்பி நடந்தோம். பஸ் ஸ்டாப் வந்த பிறகுதான் கேட்டார்.

“தெரிஞ்சேதான கூட்டிட்டு வந்தீங்க கன்னியம்மா?”

“இன்னாத்த சார்?”

“ஒன்னுமில்ல. மோர் நல்லா இருந்துது.”

திங்கள்கிழமை காலை அவர் வந்ததும் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். தீபக் கடன் வாங்கிய ஒவ்வொருவருக்கும் திருத்திய சான்றிதழ் எழுதினார். மெட்ராஸுக்கு ஒரு கடிதமும் எழுதி ஒட்டி என்னிடம் கொடுத்தார். “இத இன்னைக்கே தபால்ல சேத்துடணும். நானே திரும்பக் கேட்டாலும் குடுக்காதீங்க.”

கேட்டார். டீ குடித்துவிட்டு வந்ததும் கேட்டார். “அந்தக் கவர் போயிட்டா? ஒரு வரி சேக்கணும்.”

“அப்பவே போயிடுச்சே சார்” என்றேன். அது என் கூடையில், முருங்கைக்கீரைக்கு அடியில் இருந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதற்காக இன்னும் நாலு பொய் சொல்லலாம். சாயங்காலம் போய்த் தபாலில் சேர்த்தேன்.

பெரியவர்கள் ஒரு நல்ல காரியத்தைத் துணிந்து செய்துவிட்டு, உடனே பயந்துபோய்த் திரும்பக் கேட்பார்கள். அந்த நேரத்தில் பியூனுக்குக் கொஞ்சம் மறதி இருக்க வேண்டும். இதை எந்த டிரெய்னிங்கிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

கடிதம் போனதால் பணம் வந்துவிடாது. பங்குனி முடிய நாள் அதிகம் இல்லை. அக்கவுண்டன்ட் ஏழுமலையை அழைத்துக்கொண்டு மண்டிக்குப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். மண்டிக்காரர் கல்லாவில் உட்கார்ந்து மல்லாட்டையை நெரித்துக்கொண்டிருந்தார். இவர் நின்றபடியே சொன்னார்.

“இவர் மேல தப்பு இல்ல. வரிய நாந்தான் தப்பாப் பிடிச்சிட்டேன். ரீஃபண்ட் வந்துரும். கொஞ்சம் பொறுத்துக்கிடணும்.”

மண்டிக்காரர் கையிலிருந்த பருப்பை வாயில் போட மறந்துவிட்டார். “நீங்களேவா தப்புப் பண்ணீங்க?”

“ஆமா.”

“என் கடைல இத்தினி வருஷமா எட போடறான் ஒருத்தன். அவன் வாயில இருந்து இந்த வார்த்தைய நான் கேட்டதே இல்லைங்க.” உள்ளே திரும்பிச் சத்தமாக, “டேய், கேட்டுக்கோ!” என்றார். பிறகு எங்களிடம், “ஆடியில எவனும் பத்திரம் பண்ண மாட்டான். ஆனி கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள வந்தா ஏழுமலைக்கு. இல்லாட்டி கான்ட்ராக்டருக்கு. அப்புறம் நீங்க வந்து நின்னாலும் கேக்க மாட்டேன்” என்றார்.

சித்திரை வெயிலில், எல்லோருடைய ரீஃபண்ட் மனுவையும் ஒரே கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு நானும் அக்கவுண்டன்ட்டும் வேலூருக்கு பஸ் ஏறினோம். போளூர் தாண்டியதும் அக்கவுண்டன்ட் சொல்ல வேண்டியதை எல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வரி ஆபீஸில் மனு வாங்குகிற கிளார்க்கின் மேஜையில் அவர் தலையே தெரியாத அளவுக்குக் காகிதம். அவர் எங்கள் கட்டைப் பிரிக்கவே இல்லை.

“திருவிழாவுக்குக் கடன்னு சொல்றீங்க. ஆனா இதரப் படினு எழுதியிருக்கீங்க. போனஸ் குடுத்துட்டு இப்ப கடன்னு மாத்திக்கிட்டு வரீங்களா? எத்தினி பேரைப் பாத்திருக்கேன்.”

அக்கவுண்டன்ட் சட்டத்தை ஆரம்பித்தார். அந்த ஆள் நிமிரவில்லை. சட்டமும் பாதியில் திக்கியது. கிளார்க்கையும் குறை சொல்ல முடியாது. அவர் மேஜையில் இருந்த காகிதத்தில் பாதி நிஜமாகவே டூப்பாகத்தான் இருந்திருக்கும்.

“சார், கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கட்டுங்களா?” என்று அவர் பானையிலேயே மொண்டு குடித்துவிட்டுக் கேட்டேன். “எங்க ஊருக்கு தீபம் பாக்க வந்திருக்கீங்களா சார்?”

“வருஷாவருஷம் வருவேம்மா. எங்க அக்கா வீடு அங்கதான் இருக்குது.”

“தனியாவா வருவீங்க?”

“குடும்பத்தோடதான். மாமியார் வீட்டு ஆளுங்களும் வருவாங்க.”

“சாப்பாடு ஓட்டல்லயா?”

“ஓட்டல்லயா? அக்கா விடுமா? வட, பாயசம், அப்பம்னு ஒன்னும் பாக்கி வைக்காது.”

“உங்க மாமா இன்னா வேல சார்?”

“வாத்தியாரு.”

“அப்ப அந்த வடைக்குப் பணம் எங்கருந்து சார் வந்துச்சி?”

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். பக்கத்து மேஜைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “யோவ், உன் வடைக்கு உங்க மாமா இன்னும் தவண கட்டிக்கினு இருக்காருய்யா!”

கிளார்க்கும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கட்டைப் பிரித்தார். அதற்குப் பிறகுதான் காகிதத்தைப் பார்த்தார். கடன் எப்போது கொடுத்தது, எந்த மாதத்திலிருந்து பிடிக்கிறார்கள், இன்னும் எவ்வளவு பாக்கி என்று வரிசையாகக் கேட்டார். அக்கவுண்டன்ட் எல்லாவற்றுக்கும் பார்க்காமலே பதில் சொன்னார். இப்போது திக்கவில்லை. ஒரு கேள்விக்குச் சட்டப் பிரிவையும் சேர்த்துச் சொன்னபோது கிளார்க்கே தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எனக்கு அதில் ஒரு அட்சரம் புரியவில்லை. நான் செய்தது அந்த ஆளை நிமிர வைத்தது மட்டும்தான். வேலையைச் செய்தது அவர்தான்.

ஆனி வந்தது. ரீஃபண்ட் வரவில்லை. மெட்ராஸிலிருந்துதான் வந்தது, அக்கவுண்டன்ட்டுக்கு ஒரு மெமோ. இன்டர்வியூவுக்கு அந்த வருஷம் அவரைக் கூப்பிடவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. ஆனால் தபால் வரும் நேரத்தில் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தார்.

“சார், உங்களப் பாத்துட்டு தபால்காரரு சந்துல பூந்து போறாரு. பேங்க்குக்கு தபாலே வரமாட்டேங்குது” என்றார் பாஷா. அந்த ஆபீஸில் அவரைச் சிரிக்க வைக்க பாஷாவால்தான் முடிந்தது.

ஏழுமலை கத்துவதை நிறுத்திவிட்டான். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. மாட்டை விலைக்குக் கேட்டு ஒரு ஆள் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனதாகச் செல்வி சொல்லி அனுப்பினாள். ஆனி முடிய இன்னும் ஒரு முகூர்த்த நாள்தான் பாக்கி என்ற நிலைமையில், ரிஜிஸ்தர் தபாலில் ஏழுமலை பேருக்கு ரீஃபண்ட் வந்தது. கையெழுத்துப் போட அவன் பேனா தேடினான். அக்கவுண்டன்ட் தன் பேனாவை நீட்டினார். அவன் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “சார், சாட்சிக் கையெழுத்துக்கு நீங்க வரணும்” என்றான்.

முகூர்த்த நாள் என்பதால் சார்பதிவாளர் ஆபீஸில் நல்ல கூட்டம். மண்டிக்காரர் விசிறிக்கொண்டிருந்தார். சாட்சிக்கு பாஷாவும் அக்கவுண்டன்ட்டும். நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். செல்வி பட்டுப்புடவையில் வந்து இறங்கினாள். அக்கவுண்டன்ட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணா! நீங்க எங்க இங்க? வீடு கெடச்சிதா?”

ஏழுமலை அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

பத்திரத்தைக் கையில் வாங்கிய அக்கவுண்டன்ட் கையெழுத்துப் போடவில்லை. படிக்க ஆரம்பித்தார். நாலு எல்லையையும் படித்தார். அளவைக் கூட்டிப் பார்த்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் கூட்டினார்.

“சார், இதுல வரியெல்லாம் இல்ல. தைரியமாப் போடுங்க” என்றான் ஏழுமலை.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

சார்பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து பாஷாவிடம் கேட்டார். “வாங்கறவரு உங்களுக்கு எப்படிப் பழக்கம்?”

“ஒரே பேங்க் சார்.”

“உங்களுக்கு?”

அக்கவுண்டன்ட் செல்வியை ஒரு தடவை பார்த்தார். நானும் பேங்க்தான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

“நாந்தான் சார் இவருக்கு வரியத் தப்பாப் பிடிச்ச அக்கவுண்டன்ட்.”

செல்வியின் கை வாய்க்குப் போனது. அன்றைக்குக் கல்லில் உட்கார வைத்துச் சொன்னது அத்தனையும், பெண்டாட்டி, உப்பு, புளி, பாய், மூட்டைப்பூச்சி என்று ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து வந்து போயின. மண்டிக்காரர் விசிறுவதை நிறுத்திவிட்டார். சார்பதிவாளர் பேனாவை மேலே தூக்கிக்கொண்டு, “அத எப்படிங்க எழுதறது? பழக்கம்னு போடவா, இன்னானு போட?” என்றார்.

“சொந்தக்காரருனு போட்டுக்குங்க சார்” என்றாள் செல்வி. “வேற யாரு இவ்ளோ பாடு படுத்துவாங்க?”